வேலியும் வழியும்: ஆங்கிலப் பிரபுக்களின் பூங்காநிலங்களும் உலாவும் உரிமையும்

'எஸ்டேட்' என்னும் சொல் இலங்கை வாசகரின் மனத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தையும் லயன் அறைகளையுமே தோற்றுவிக்கும். அச்சொல் பிறந்த இங்கிலாந்திலோ அதன் பொருள் வேறு. பிரபு ஒருவரின் மாளிகை, அதனைச் சூழ்ந்த பூங்காநிலம், அதற்கப்பால் குத்தகைக்காரர் உழுத வயல்கள், காடு, கிராமம் ஆகிய அனைத்தையும் அடக்கிய முழு உடைமையே அங்கு எஸ்டேட் எனப்பட்டது. அவ்வுடைமையின் நடுவில் அமைந்த பூங்காநிலம் இன்று ஆயிரக்கணக்கானோர் ஓய்வுநாட்களில் மெல்ல நடந்து செல்லும் இடமாக விளங்குகின்றது. முதியோர் கைத்தடியுடனும் இளம் பெற்றோர் குழந்தைகளுடனும் ஓக் மர நிழலில் நடப்பதையும், தொலைவில் மான்கள் மேய்வதையும் காண்போர், அந்நிலம் என்றும் இவ்வாறே இருந்ததென்று எண்ணுதல் இயல்பு. ஆயின் வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வமைதியான நடைக்குப் பின்னால் வேலியடைப்பும் வெளியேற்றமும் வழக்கும் கிளர்ச்சியும் இருந்தமை புலனாகும். நிலம் ஒருவருக்கு உரியதாயினும் அதனூடே நடக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாவே அவ்வரலாற்றின் மையமாகும்.

மான் பூங்காவின் தோற்றம்

ஆங்கிலப் பூங்காநிலத்தின் மூலவடிவம் இடைக்காலத்து மான் பூங்காவாகும். வேட்டைக்கும் இறைச்சிக்குமாக மான்களை அடைத்து வைத்த இடமே அது. சுற்றிலும் அகழி தோண்டி, அதன் மேட்டில் பிளந்த ஓக் கட்டைகளால் வேலி அமைப்பர். மன்னரின் காட்டுப்பகுதிகளில் இவ்வாறு நிலத்தை வளைப்பதற்கு அரச அனுமதி வேண்டியிருந்தது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டில் இத்தகைய பூங்காக்கள் சில பத்துக்களே குறிக்கப்பட்டுள்ளன. 1300ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை மூவாயிரத்துக்கு மேற்பட்டிருந்ததென நிலக்காட்சி வரலாற்றாய்வாளர் ஒலிவர் ராக்கம் மதிப்பிட்டார். மான் இறைச்சி சந்தையில் விற்கப்படும் பொருளன்று. பிரபுக்கள் தமக்குள் பரிசாக வழங்கிக்கொண்ட பொருள். எனவே மான் பூங்கா உணவுக்களஞ்சியமாக இருந்ததோடு தகுதியின் சின்னமாகவும் இருந்தது. அதன் வேலி மானை உள்ளே நிறுத்தியது. மக்களை வெளியே நிறுத்தியது.

கென்ட் மாநிலத்தில் செவனோக்ஸ் நகரையொட்டி அமைந்த நோல் பூங்கா இவ்வகையில் சிறந்த சான்றாகும். கன்ரபரிப் பேராயர் தொமஸ் பூர்ச்சியர் 1456ஆம் ஆண்டில் இவ்வுடைமையை வாங்கி மாளிகை எழுப்பினார். பேராயர் கிரான்மரிடமிருந்து 1538ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் அதனைத் தமதாக்கிக்கொண்டார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசின் பெருநிதியாளராக விளங்கிய தொமஸ் சக்வில் அதனைப் பெற்றுப் புதுப்பித்தார்; அன்றுமுதல் அவரது மரபினர் அங்கு வாழ்ந்து வருகின்றனர். ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்புள்ள இப்பூங்கா பிற்காலத்துப் புதுப் பாணிகளுக்கு உட்படாது தன் இடைக்கால இயல்பைப் பெருமளவு பேணியுள்ளது. மணற்பாங்கான மேடுகள், நீரற்ற பள்ளத்தாக்குகள், பன்னம் படர்ந்த சரிவுகள், முதிய ஓக், பீச் மரங்கள், அவற்றிடையே மேயும் மான்கள் என்பனவே இன்றும் அங்கு நடப்போர் காணும் காட்சி.

இயற்கையாக்கப்பட்ட செயற்கை

பதினெட்டாம் நூற்றாண்டில் பூங்காநிலம் புதிய பொருள் பெற்றது. வேட்டைக்களமாக இருந்தது காட்சிப்பொருளாயிற்று. 'கேப்பபிலிற்றி' என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட லான்சலொற் பிரவுன் (1716-1783) நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பூங்காநிலங்களில் பணியாற்றியவர். நேர்கோட்டுப் பாத்திகளையும் வெட்டிய செடிவரிசைகளையும் அகற்றிவிட்டு, அலையலையான புல்வெளி, வளைந்து கிடக்கும் ஏரி, ஆங்காங்கே மரத்தொகுதிகள், எல்லையைச் சுற்றி அடர்ந்த மரவரிசை என நிலத்தை அவர் மாற்றியமைத்தார். மாளிகைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே 'ஹா-ஹா' எனப்படும் பள்ளச் சுவர் அமைக்கப்பட்டது. மாளிகையின் சாளரத்திலிருந்து நோக்குவோருக்கு வேலி எதுவும் தென்படாது. மாடுகளோ சுவரைத் தாண்டி வரமுடியாது. வேலியை நீக்காமலே வேலியற்ற தோற்றத்தை உண்டாக்கிய இவ்வுத்தி அக்காலப் பூங்காக்கலையின் இயல்பை நன்கு விளக்குவதாகும்.

நடையும் இக்கலையின் ஓர் அங்கமாயிற்று. வில்ற்ஷயரிலுள்ள ஸ்ரவர்ஹெட்டில் வங்கியாளர் ஹென்றி ஹோர் 1740களிலிருந்து அமைத்த தோட்டத்தில், ஏரியைச் சுற்றிச் செல்லும் பாதை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கோயிலையோ பாலத்தையோ குகையையோ முன்னிறுத்தும். விருந்தினர் எங்கு நிற்கவேண்டும், எதனைக் காணவேண்டும், எதனைக் காணலாகாது என்பன யாவும் உடைமையாளரால் முன்னரே தீர்மானிக்கப்பட்டன.

காணலாகாதவற்றுள் உழைப்போரின் குடியிருப்புகள் முதன்மையானவை. ஒக்ஸ்போர்ட்ஷயரிலுள்ள நியூனம் கோட்னியில் ஹார்கோட் கோமான் 1760களில் பழைய கிராமத்தை அகற்றி, நெடுஞ்சாலையோரத்தில் இருவரிசை வீடுகளாகப் புதுக் கிராமம் அமைத்தார். ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1770ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கைவிடப்பட்ட கிராமம்' என்னும் கவிதைக்கு இந்நிகழ்ச்சியே தூண்டுதலாயிற்று என்பது பலர் கருத்து. டோர்செற்றில் மில்ற்றன் பிரபு தம் மாளிகையருகே இருந்த சிறுநகரையே படிப்படியாக இடித்து, அதன் குடிகளுட் சிலருக்கு மறைவான பள்ளத்தாக்கொன்றில் வீடுகள் கட்டுவித்தார். இன்று மில்ற்றன் அபாஸ் என்னும் பெயரில் அழகுக்காகப் புகழப்படும் கிராமம் அவ்வாறு தோன்றியதே. சற்ஸ்வர்த் மாளிகையருகிலுள்ள ஈடென்சர் கிராமமும் ஆறாம் டெவன்ஷயர் கோமகன் காலத்தில், 1838ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில் இடம்மாற்றிப் புதிதாகக் கட்டப்பட்டது. புதிய வீடுகள் பழையவற்றினும் வசதியானவையாக இருந்திருக்கலாம். ஆயினும் இடமாற்றத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் குடிகளிடம் இருக்கவில்லை என்பதே கருதத்தக்கது.

இவை தனித்த நிகழ்ச்சிகள் அல்ல. 1604 முதல் 1914 வரையான காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. அவற்றின்மூலம் இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 68 இலட்சம் ஏக்கர் நிலம், பொதுப் பயன்பாட்டு உரிமைகள் நீங்கித் தனியுடைமையாயிற்று. விறகு பொறுக்கவும் பசு மேய்க்கவும் சென்ற மக்களின் பாதைகளும் அவற்றோடு மறைந்தன. 1815ஆம் ஆண்டின் சட்டம் தேவையற்றதெனக் கருதும் பாதையை மூடும் அதிகாரத்தை இரு சமாதான நீதவான்களுக்கு வழங்கியது. அந்நீதவான்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளர்களே. ஒருவரின் பூங்காவிற் செல்லும் பாதையை அவருடைய அயலவரும் நண்பருமான இருவர் மூடிக்கொடுப்பது அரிதன்று.

பூங்காவை ஆக்கிய செல்வம்

இப்பூங்காக்களை ஆக்குவதற்குப் பெரும் பொருள் தேவைப்பட்டது. அதில் ஒரு பகுதி ஆங்கிலக் குத்தகைக்காரர் செலுத்திய வாரத்திலிருந்து வந்தது. மற்றொரு பகுதி கடல்கடந்த நாடுகளிலிருந்து வந்தது. யோர்க்ஷயரின் ஹேர்வூட் மாளிகையை எழுப்பிய லாசெல்ஸ் குடும்பத்தாரின் செல்வம் மேற்கிந்தியச் சர்க்கரையோடும் அடிமை முறையோடும் பிணைந்தது. ஆற்காட்டுப் போரிலும் வங்காளத்திலும் புகழும் பொருளும் ஈட்டிய ரொபேர்ட் கிளைவ், சரே மாநிலத்திலுள்ள கிளேர்மொன்ற் உடைமையை 1768ஆம் ஆண்டளவில் வாங்கி, பிரவுனைக் கொண்டே புது மாளிகையும் நிலக்காட்சியும் அமைப்பித்தார்.

தமிழ்நிலத்தோடு நேரடித் தொடர்புடைய மற்றொருவர் போல் பென்ஃபீல்ட். கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியராகச் சென்னைக்கு வந்த அவர், ஆற்காட்டு நவாப்பிற்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வரானார். தஞ்சாவூரின் விளைச்சல் வருவாயில் தமக்கு உரித்துண்டு என அவர் எழுப்பிய கோரிக்கை, 1776ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் பிகொற் சிறைவைக்கப்பட்ட நெருக்கடிக்கு ஒரு காரணமாயிற்று. நவாப்பின் கடன்கள் பற்றி எட்மண்ட் பேர்க் 1785ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையிற் கடுமையாகச் சாடப்பட்டவர்களுள் பென்ஃபீல்ட்டும் ஒருவர். அவரே 1790களில் ஹேர்ட்ஃபோர்ட்ஷயரிலுள்ள வூட்ஹோல் பூங்காவை வாங்கினார். காவிரிப் படுகையின் நெல்லுக்கும் ஆங்கிலப் புல்வெளிக்கும் இடையிலான தூரம் நிலப்படத்தில் தோன்றுமளவுக்குப் பெரிதன்று எனலாம். நாட்டு மரபுடைமை நம்பிக்கைப் பொறுப்பகம் (நஷனல் டிரஸ்ற்) 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, தன் பராமரிப்பிலுள்ள 93 இடங்கள் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்புற்றிருந்ததாகக் குறித்தது. அவ்வறிக்கை பிரித்தானியாவில் எழுப்பிய கடும் விவாதம், பூங்காவின் அமைதி எத்துணை மெல்லிய திரையென்பதைக் காட்டிற்று.

நோல் பூங்காக் கிளர்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருகின. புகையும் நெருக்கமும் மிகுந்தன. திறந்தவெளியில் நடத்தல் உழைக்கும் மக்களின் ஒரே மலிவான இன்பமாயிற்று. மன்செஸ்ரர் அருகே ஃபிளிக்ஸ்ரன் என்னுமிடத்தில் நிலவுடைமையாளரும் நீதவானுமான ரால்ப் ரைற் தம் பூங்காவின் பாதையை மூடியபோது, அதனை எதிர்த்துப் பழம்பாதைகளைக் காக்கும் சங்கமொன்று 1826ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. வழக்கின் முடிவில் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. வழியுரிமைக்கென அமைந்த தொடக்ககாலச் சங்கங்களுள் இதுவும் ஒன்று.

அரைநூற்றாண்டின்பின் நோல் பூங்காவிலும் இதே பிரச்சினை தோன்றியது. செவனோக்ஸ் நகருக்கு 1860களில் புகையிரதப் பாதை வந்தமையால் இலண்டன் மக்கள் எளிதில் அங்கு வரலாயினர். 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் அவர்தம் வருகையை மேலும் பெருக்கியது. நகரவாசிகளோ தலைமுறை தலைமுறையாகப் பூங்காவின் ஊடே சென்று வந்தவர்கள். அது அவர்களுக்கு உலாவுமிடமாக மட்டுமன்றி அயற் கிராமங்களுக்குச் செல்லும் குறுக்கு வழியாகவும் இருந்தது. இந்நிலையில் உடைமையாளரான மோர்ற்றிமர் சக்வில் பிரபு தம் தனிமைக்குப் பங்கம் நேர்வதாகக் கருதினார். முதலில் மாளிகையைப் பார்வையாளருக்கு மூடினார். பின் 1883ஆம் ஆண்டில், ஃபோக் வாயிலில் குதிரைகள் செல்லமுடியாதவாறு மரக்கம்பங்களை நடுவித்தார்.

நகரவாசிகள் முறையிட்டனர், பயனில்லை. 1884ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஓரிரவு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டு சென்று கம்பங்களைப் பிடுங்கினர். பிடுங்கியவற்றைச் சுமந்துவந்து பிரபுவின் மாளிகை வாயிலிலேயே போட்டுச் சென்றனர். களவோ கொள்ளையோ அவர்களின் நோக்கமன்று. தடையாக நடப்பட்டதை அதனை நட்டவரிடமே ஒப்படைத்ததாகவே அவர்கள் இச்செயலைக் கருதினர். வழிமறிக்கும் தடையை நீக்குதல் குற்றமாகாது என்பது ஆங்கில மக்களிடையே நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. அது சட்டத்தின் பொது மரபிலும் வேர்கொண்டிருந்தது. பிரச்சினை நீதிமன்றம்வரை சென்று 1885ஆம் ஆண்டில் இணக்கத்தில் முடிந்தது. பாதை மக்களின் பயன்பாட்டுக்கு நிலைத்தது. மோர்ற்றிமர் பிரபு 1888ஆம் ஆண்டில் மறைந்தபின், அவருடைய வாரிசு மாளிகையையும் பார்வையாளருக்கு மீளத் திறந்தார்.

வாரிசுரிமைச் சட்டம் அம்மாளிகையின் உள்ளும் வேலியிட்டது என்பது இங்குச் சுட்டத்தக்கது. 1892ஆம் ஆண்டில் நோலிற் பிறந்து அதன் பூங்காவிலே வளர்ந்த எழுத்தாளர் வீற்றா சக்வில்-வெஸ்ற், மூன்றாம் சக்வில் பிரபுவின் ஒரே மகள். 1928ஆம் ஆண்டில் தந்தை மறைந்தபோது, பெண்ணென்ற காரணத்தால் உடைமை அவருக்குக் கிடைக்காது சிறிய தந்தையைச் சேர்ந்தது. அதே ஆண்டில் வேர்ஜினியா வூல்ஃப் வெளியிட்ட 'ஓர்லாண்டோ' நாவல் அவரையும் அம்மாளிகையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாகும்.

செல்லுதலும் உலாவுதலும்

இப்போராட்டங்களின் எல்லையை விளங்கிக்கொள்வதற்கு ஆங்கிலச் சட்டத்தின் நுட்பமான வேறுபாடொன்றை அறிதல் வேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழியின்மீது பொதுமக்களுக்கு உரிமை தோன்றலாம். ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் இடம்பெறும் வழிவாய்க்கால் உரித்து ஒரு காணியோடு இணைந்து அதன் உடையவருக்குரியதாகும். ஆங்கிலப் பொதுவழியோ எக்காணியும் இல்லாத வழிப்போக்கருக்கும் உரியது. இது பெரிய சிறப்பே. ஆயின் ஒரு நிலத்தில் இலக்கின்றி விரும்பியபடி உலாவும் உரிமையைப் பொதுமக்களுக்குப் பொதுச் சட்டம் ஏற்கவில்லை. சேர் எட்மண்ட் அன்ரொபஸ் 1901ஆம் ஆண்டில் ஸ்ரோன்ஹெஞ்ச் நினைவுக்கற்களைச் சுற்றி வேலியடைத்துக் கட்டணம் விதித்தபோது, 1905ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர்பக்கமே தீர்ப்பளித்தது. மக்கள் நெடுங்காலம் அங்கு சென்றமை உடைமையாளரின் பொறுமையையே காட்டும், உரிமையைக் காட்டாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எனவே பூங்காநிலத்தில் உரிமையும் அனுமதியும் அருகருகே கிடந்தன. பாதையில் நடப்பவர் உரிமையுடன் நடந்தார். பாதையிலிருந்து விலகி ஓக் மர நிழலில் அமர்ந்தவர் பிரபுவின் தயவில் அமர்ந்தார். 1932ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம், இருபதாண்டு தடையின்றிப் பயன்பட்ட பாதை பொதுவழியெனக் கொள்ளப்படும் என விதித்து முதலாமவரின் நிலையை வலுப்படுத்தியது. இரண்டாமவரின் நிலை அவ்வாறே இருந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், டேர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுற் மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான இளந் தொழிலாளர் தடையை மீறி நடந்தனர். பெனி ரொத்மன் உட்பட ஐவர் இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை பெற்றனர். மேட்டுநிலத்தின் உடைமையாளர் டெவன்ஷயர் கோமகன் ஆவார். சற்ஸ்வர்த் பூங்காவிற் பார்வையாளரை நெடுங்காலமாக வரவேற்ற அதே குடும்பம் மேட்டுநிலத்தில் மட்டும் அவர்களைத் தடுத்தது முரண்போலத் தோன்றும். ஆயின் இரண்டின் பயனும் வேறு. பூங்கா காட்சிக்குரியது, காண்போர் இல்லையேல் அதற்குப் பெருமையில்லை. மேட்டுநிலமோ கிரௌஸ் பறவை வேட்டைக்குரியது; நடப்போரின் காலடி அவ்வேட்டைக்குத் தடை. திறத்தலும் அடைத்தலும் உடைமையாளரின் பண்பைவிட நிலத்தின் பயனையே சார்ந்திருந்தன. எழுபது ஆண்டுகள் கழிந்து, 2002ஆம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் பதினோராம் கோமகன் தம் பாட்டனாரின் செயலுக்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

1949ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நுழைவுக்குமான சட்டம் நிறைவேறியது. பாதைகளை வரைபடத்திற் பதிவுசெய்யும் பொறுப்பு உள்ளூர் ஆட்சிகளிடம் விடப்பட்டது. 2000ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, மேட்டுநிலம், புதர்வெளி, பொதுநிலம் ஆகியவற்றில் உலாவும் உரிமையை வழங்கியது. கிண்டர் ஸ்கவுற்றில் சிறைசென்றோரின் கோரிக்கை இவ்வாறு பெருமளவு நிறைவேறிற்று. எனினும் பூங்காவாகவோ தோட்டமாகவோ பயன்படும் நிலம் அவ்வுரிமைக்கு விலக்காக வைக்கப்பட்டது. ஸ்கொற்லாந்திலோ 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களுக்குப் பொறுப்புடன் கூடிய நுழைவுரிமையை அளித்தது. எல்லைக்கு ஒருபுறம் உரிமையாக இருப்பது மறுபுறம் சலுகையாகவே நீடிக்கின்றது.

பேராதனையில் ஒரு தொடர்ச்சி

இவ்வரலாற்றின் ஒரு கிளை இலங்கைவரை வந்துள்ளது. நகரங்களின் கட்டற்ற பரவலிலிருந்து ஆங்கிலக் கிராமப்புறத்தைக் காக்கவேண்டும் என 1926ஆம் ஆண்டில் எழுதி, அதற்கென ஓர் அமைப்புத் தோன்றக் காரணமாயிருந்தவர் நகரத் திட்டவியலாளர் சேர் பற்றிக் அபர்குரொம்பி. அவரே கிளிஃபர்ட் ஹொலிடேயுடன் இணைந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிலத்திட்டத்தை வகுத்தார். கட்டிடங்களை ஒன்றோடொன்று நெருக்காது மலைச்சரிவின் போக்குக்கேற்ப அமைத்தமை, வளைந்து செல்லும் வீதிகள், அகன்ற புற்றரைகள், தொலைவில் ஹந்தானை மலைத்தொடர் தெரியுமாறு விடப்பட்ட வெளி ஆகியவற்றில் ஆங்கிலப் பூங்காநில மரபின் சாயலைக் காணலாம். ஆனால் ஒரு மாற்றம் அடிப்படையானது. பிரபு ஒருவரின் கண்ணுக்காக வளர்ந்த கலை, இங்கு இலவசக் கல்வி பெற்ற ஒரு தலைமுறையின் கால்களுக்காகப் பயன்பட்டது. 1952ஆம் ஆண்டிலிருந்து அப்புற்றரைகளிலும் மரநிழல்களிலும் நடந்தவர்களுள் கமக்காரரின் பிள்ளைகளும் ஆசிரியரின் பிள்ளைகளும் இருந்தனர்.

முடிவாக நோக்குமிடத்து, ஆங்கிலப் பூங்காநிலம் அடைப்பின் வரலாறு மட்டுமோ அழகின் வரலாறு மட்டுமோ அன்று. நெடுங்காலம் உழாது, கட்டிடம் எழுப்பாது விடப்பட்டமையாலேயே அங்கு முதிய மரங்கள் நின்றன. மக்கள் வெளியே நிறுத்தப்பட்டமையின் விளைவாகவே இன்று மக்கள் விரும்பும் அமைதி அங்கு எஞ்சியது. நோல் பூங்காவின் மரங்களுட் பெரும்பகுதி 1987ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதப் பெரும்புயலில் ஓரிரவில் வீழ்ந்தது. மீள நடப்பட்ட கன்றுகள் நிழல்தரும் மரங்களாக இன்னும் ஒரு நூற்றாண்டேனும் செல்லும். அத்தகைய நீண்டகாலப் பேணலை உடைமையாளரின் விருப்பத்துக்கும் வாரிசின் வசதிக்கும் விட்டுவிட இயலாது என்பதனாலேயே மாளிகை 1946ஆம் ஆண்டில் நாட்டு மரபுடைமை நம்பிக்கைப் பொறுப்பகத்திடம் கையளிக்கப்பட்டது. பூங்காவின் பெரும்பகுதியோ இன்றும் குடும்பத்தின் உடைமையே. அதனூடே நீண்ட நடைவழிகளுள் ஒன்றான கிரீன்சாண்ட் வழி செல்கின்றது. அவ்வழியே செல்பவருக்கு 1884ஆம் ஆண்டில் கம்பங்களைப் பிடுங்கியோரின் பெயர்கள் தெரியாதிருக்கலாம். அவர் தடையின்றி நடப்பதற்கு, யாரோ ஒருவர் ஒருகாலத்தில் தயவை ஏற்க மறுத்து உரிமையைக் கேட்டமையும் காரணம் என்பதை வரலாறு மறத்தல் ஆகாது.